போனித்தோ சொல்லப் பழகியது

புதுக் கைலியைப் பிரித்தால் கஞ்சியும் சாயமும் கலந்த ஒரு வாசனை எழும்பும். இன்றைக்கும் அது மூக்கில் ஏறினால் போதும், கால் தரிக்காது. மயிலாப்பூரிலிருந்து ராயப்பேட்டைக்கு ஓடிய இருபது வயதுக் கால் ஆகிவிடும்.

அங்கேதான் என் சிநேகிதன் வீடு. கைலி வியாபாரக் குடும்பம். மணிலாவில் துணிக்கடை வைத்திருந்த அவன் மாமு ஊருக்கு வந்திருந்தார். திரும்பும்போது அவனையும் கூட்டிப்போவதாகப் பேச்சு. ஒரே நிபந்தனை, ஸ்பானிஷ் பேசும் வாடிக்கைக்காரர்களிடம் சரக்கைப் புகழத் தெரியவேண்டும். கப்பல் என்றாலே அவனுக்கு ஆசையில் தூக்கம் போய்விடும்.

முதல் பாடம்: போனித்தோ. "அழகு, அவ்வளவுதானே?" என்றேன் நான். மாமு தலையை ஆட்டினார்.

"உங்க கோபுரத்துக்கெல்லாம் சொல்லமாட்டாங்க தம்பி. கைக்குட்டை, சின்னத் தெரு, நல்ல கொரல், இதுக்குத்தான். பொண் கொழந்தைன்னா போனித்தா. பிரியாணிக்குச் சொல்லாத. மீசை வச்ச ஆம்பளைக்குச் சொல்லவே சொல்லாத, சிரிப்பாங்க."

அடடா, அந்த ஒற்றைச் சொல்லோடு நாங்கள் இருவரும் அலைந்த அலைச்சல்! லஸ் முனையில் மல்லிகைப் பந்து, போனித்தோ. டிராம் மணி, போனித்தோதான். டிராம்? யோசிக்கணும். கடல்? சேச்சே, அது பெரிசு. கடல் போட்டுவிட்டுப் போன சிப்பி, ஆமாம், ஆமாம்! ஊரையே யாரோ அலசிக் கொடியில் போட்டமாதிரி இருந்தது.

மாமு துணியை விரித்துக் கேட்டபோது மட்டும் அவனுக்கு வாய் வரவில்லை. "சுமாரா கீது மாமு" என்றான். அந்த வீட்டில் மிக நல்லதற்கும் சுமார் என்பதுதான் புகழ்ச்சி. வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும்.

"சுமாரா? அப்ப எவன்டா வாங்குவான்? நாளைக்கு இன்னொரு தபா கேப்பேன். அப்பவும் இதே பாட்டுன்னா இங்கியே கெட."

மறுநாள் நானும் போனேன். மாமு துணி வாங்க வந்தவர்போல் உட்கார்ந்திருந்தார், மடியில் அவருடைய பெண் குழந்தை. அது சிவப்புக் கட்டம் போட்ட துணியை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு சிரித்தது. அவன் தன்னை மறந்து "போனித்தா!" என்று கத்திவிட்டான்.

மாமி உள்ளேயிருந்து பாய்ந்து வந்தார். "இன்னாடா சொன்ன? அழகுன்னா?" மைக்கிண்ணத்தில் விரலை விட்டுக் குழந்தை கன்னத்தில் ஒரு பொட்டு.

அவன் அந்தக் கிண்ணத்தையே பார்த்தான். சட்டென்று மையைத் தொட்டுத் துணியின் மூலையிலும் ஒரு பொட்டு வைத்தான். "இப்ப கேளு மாமு. போனித்தோ! போனித்தோ! போனித்தோ!"

"துணி பாழாப்போச்சேடா பாவி!" மாமுவுக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "சரி, பொட்டிய கட்டு. மைய மட்டும் கடைக்கு எடுத்தாந்துடாத."

கப்பல் ஏறும் நாள், துறைமுக வாசலில் அவன்: புதுச்சட்டை, புதுக்குல்லா, வெயில் பட்டு மின்னுகிற முகம். எனக்குப் பாடம் மறந்துபோயிற்று. "டேய், நீ போனித்தோடா!" என்றேன்.

மீசையைத் தடவிக்கொண்டான். பிறகு காதை மடக்கிப் பின்னால் இருந்த கறுப்புப் பொட்டைக் காட்டினான்.

"சொல்லிக்கோ நைனா. அம்மா மை வச்சிதான் அனுப்பிக்கீது."