இரண்டு சீட்டுக் கார்

ஒரகடம் சிக்னலில் எனக்கு முன்னால் நின்ற சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் பிரேக் லைட் எரியவில்லை. சட்டென்று எனக்கு அக்காமேல் கோபம் வந்தது.

1991-இல் அப்பா ஸ்ரீபெரும்புதூரில் கார் எலக்ட்ரீஷியன். பக்கத்தில் நடந்த கார் பந்தயத்துக்கு வந்த ஒருவர் இதே கோளாறோடு தன் சிவப்புக் காரை எங்கள் ஷெட்டில் நிறுத்தினார். அப்பா பல்பை மாற்றினார், ஃபியூஸைப் பார்த்தார், எரியவில்லை. அக்காவை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு, என்னைப் பின்னால் நிறுத்தினார்.

"எரியுதாடி?"

"இல்லப்பா."

வெயிலில் சூடான தோல் சீட்டின் வாசனை என்வரைக்கும் வந்தது. அதில் அவள் ராணிபோலச் சாய்ந்திருந்தாள்.

"அப்பா, பெடலுக்கு மேல ஒரு ஒயர் கழண்டு தொங்கிக்கினு கீது" என்றாள்.

அப்பா குனிந்து அதைச் செருகினார். என் பாவாடைமேல் சிவப்பு வெளிச்சம் விழுந்தது.

"கண்டுபுடிச்ச பொண்ணு வரட்டும், ஒரு ரவுண்டு போலாம்" என்றார் கார்க்காரர்.

"நானும் வரேம்பா!"

"இருக்கறதே ரெண்டு சீட்டு. நீ எங்க குந்துவ?" என்றார் அப்பா.

முடியெல்லாம் கலைந்து, சிரித்துக்கொண்டே அவள் திரும்பி வந்து இறங்கியபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்கு போன் செய்தேன். "அந்தச் செவப்புக் கார்ல போனியே, எப்படி இருந்திச்சி?"

"எந்தக் காருடி? எனக்கு ஞாபகமே இல்லியே."

இத்தனை வருஷமாக நான் மறக்காத சவாரியை, போனவளே மறந்திருந்தாள். அது எனக்குக் கிடைத்திருக்க வேண்டியது.