வருங்காலத்தின் ஆராய்ச்சி

எங்கள் கல்லூரியில் அவருக்கு வருங்காலம் என்று பெயர். ‘வருங்கால டாக்டர்’ என்று யாரோ கிண்டலாக ஆரம்பித்தது, தேய்ந்து தேய்ந்து இப்படி நின்றுவிட்டது. அவர் பொருளாதாரத் துறையில் தற்காலிக விரிவுரையாளர். நான் வணிகவியல். ஆசிரியர் அறையில் இருவருக்கும் ஒரே மேஜை. மின்விசிறியும் ஒன்றுதான், அது அவர் பக்கம் திரும்பாது.

முனைவர் பட்டம் வாங்கினால் வேலை நிரந்தரமாகும். அதையும் வயது வரம்பு தாண்டுவதற்குள் வாங்கியாக வேண்டும். விலைவாசி ஏறும்போது ஏழைக் குடும்பங்கள் எதை முதலில் குறைக்கின்றன என்பது அவர் தலைப்பு. ரயில் பாதையோரக் குடியிருப்பில் வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். ஆனால் விடைத்தாள், தேர்வு மேற்பார்வை என்று எல்லாவற்றையும் தற்காலிகத்தின் தலையில்தான் கட்டுவார்கள். நிரந்தரங்களுக்கு மூட்டு வலி. அதனால் கேள்வித்தாள்களை மாணவர்களிடம் கொடுத்து அனுப்பினார்.

வந்த பதில்கள் அச்சு அசலாகப் பாடப்புத்தகம். விலை ஏறியதைக் குறைத்து, மலிவானதற்கு மாறி, ஏழைகள் அத்தனை பேரும் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தார்கள். வழிகாட்டிப் பேராசிரியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அட்டவணை போட்டு, அத்தியாயம் எழுதி, அடித்துத் திருத்தி எழுதியதில் வருஷங்கள் ஓடின. ஆய்வேடு பைண்டிங் ஆகி வந்த வாரம், சான்றிதழ் வாங்க வந்த பழைய மாணவன் ஒருவன் இவரைப் பார்க்க வந்தான்.

“உங்க செட்டு பசங்க எனக்காக ரொம்ப அலைஞ்சீங்கப்பா,” என்றார் இவர்.

“அந்தப் பக்கம் யாரு சார் போனா? கேன்டீன்ல உக்காந்து நாங்களே போட்டோம். நீங்க கிளாஸ்ல நடத்தினதை ஒண்ணு விடாம எழுதினோம். உங்க பேரு கெட்டுடக் கூடாதுல்ல.”

நன்றியோடுதான் சொன்னான், பாவி. கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்று எனக்குக் கை பரபரத்தது. இவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

விஷயத்தைக் கேட்ட வழிகாட்டி கதவைச் சாத்தினார். “என் காதுல எதுவும் விழல. பேசாம தீசிஸைக் குடுத்துடுங்க.” நானும் அதையேதான் சொன்னேன். மனுஷர் கேட்கவில்லை. புதுக் கேள்வித்தாள்களோடு தானே ரயில் பாதைக்குப் போனார். குடியிருப்பைக் காலி செய்து வேலி போட்டிருந்தார்கள். சனங்கள் எங்கே போனார்கள் என்று காவலாளிக்குத் தெரியவில்லை. அந்த வருஷத்தோடு வயது வரம்பும் முடிகிறது.

வீடு திரும்பியவர், கையில் இருந்த தாளைப் பார்த்து, சும்மா மனைவியிடம் கேட்டாராம்: “விலை ஏறினப்போ நீ மொதல்ல எதைக் குறைச்சே?”

அந்த அம்மா துணி மடித்துக்கொண்டே சொன்னாராம்: “என் பிரஷர் மாத்திரைய. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கிட்டேன். உங்களுக்குப் பட்டம் வந்ததும் தினமும் போட்டுக்கலாம்னு இருந்தேன்.”

மறுநாள் இதை என்னிடம் சொல்லிவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. அவருடைய வகுப்புக்கு நான் போனேன். அன்றைய பாடம் நுகர்வோர் நடத்தை. விலை ஏறினால் மக்கள் எதைக் குறைப்பார்கள் என்று புத்தகத்தில் உள்ளபடியே பலகையில் எழுதிப் போட்டேன். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.