கழுத்து விடாத தாகோன்

பிசின் மணம் மூக்கை அரித்த அந்த பேஸ்மென்ட் மண்டபத்தில் அன்று ஒத்திகைக்கு அப்பா இருந்தார், நாடகம் பழக்கிய மாஸ்டர் இருந்தார், பெலிஸ்தியராக நடித்த நாங்கள் ஒன்பது பிள்ளைகள் இருந்தோம். உடன்படிக்கைப் பேழையைச் சுமக்க வேண்டிய நான்கு பெரியவர்களும் ‘ஓவர்டைம்’ என்று வரவேயில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரின் வோபர்ன் பகுதியில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பங்குத் தேவாலயம் அந்த மண்டபத்தின் ‘திறப்பை’, அதாவது சாவியை, எங்களிடம் தந்திருந்தது. ஏதாவது உடைந்தால் திறப்பைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தமிழில் செபம் சொல்ல எங்களுக்கு வேறு இடம் கிடையாது.

வேதாகமத்தில், கடவுளின் அந்தப் பேழையைக் கவர்ந்துபோன பெலிஸ்தியரின் அஸ்தோது நகரத்துக் கதைதான் நாடகம். அந்த ஊர்க் கோவிலில் அவர்களுடைய தெய்வமான தாகோனின் சிலை முதல்நாள் குப்புற விழும். நிமிர்த்தி வைத்தால் மறுநாள் தலையும் கைகளும் துண்டாகிக் கிடக்கும். எழுத்தறியாத அப்பாவுக்கு இதை இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். “விளங்குது, விளங்குது” என்றார். ஊரில், பேசாலைக் கடற்கரையில் ஃபைபர் வள்ளம் கட்டியவர், இங்கே வெக்ஸ்போர்ட்டில் ஒரு கராஜில் அடிபட்ட கார்களை ஒட்டுபவர், அதே கையால் மீன்வால் வைத்த ஒரு தாகோனைச் செய்துகொண்டு வந்தார்.

கீழே விரித்த மெத்தையின் மேல் தள்ளினோம். விழுந்தது. தலை அசையவில்லை.

“தலை கழரவேணும் அண்ணை!” என்றார் மாஸ்டர்.

“என்ரை பொருத்துக் கழராது மாஸ்டர். கழண்டா தண்ணி பூந்திடும்.”

“தண்ணியோ? இது கோயில் அண்ணை, கடலில்லை! கழுத்தை மரம் அரியிற வாளாலை அரிஞ்சு விடுங்கோவன்.”

“அரிஞ்ச சாமானை நான் வெளியிலை விடமாட்டன்.”

இப்படியே ஒரு மணித்தியாலம். கடைசியில் மாஸ்டர் ஆத்திரத்தில் மெத்தையை இழுத்தெறிந்துவிட்டுத் தானே தள்ளினார். தாகோனின் மூக்கில் கீறல்கூட இல்லை. தரையில் ஆறு ஓடுகள் வெடித்தன.

பங்கிலிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. வீட்டில் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான்: தரையைத் திருத்துங்கள், இல்லையேல் திறப்பைத் தாருங்கள். முழுவதையும் கேட்டுவிட்டு அப்பா கேட்ட கேள்வி: “தாகோனுக்கு ஒண்டுமில்லைத்தானே?”

அரங்கேற்றத்தன்று, முழுசாகக் கிடந்த சிலைக்கு முன் அஸ்தோதின் பூசாரியான நான், “ஐயோ, தலை போயிற்றே!” என்று அலற வேண்டியிருந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “எங்கை தம்பி போனது? கழுத்திலைதானே கிடக்குது!” எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தவர் அப்பா.

இன்று அந்த மண்டபம் இல்லை, இடித்துவிட்டார்கள். மாஸ்டரும் இல்லை. தாகோன் மட்டும் எங்கள் கராஜில் பனிக்கால டயர்களைத் தாங்கிக்கொண்டு, தலை கழராமல் நிற்கிறது. அன்று அந்தத் திறப்பு எங்களிடமே இருக்கட்டும் என்று, தரையைத் திருத்த மூன்று மாதம் சனிக்கிழமைகளிலும் வேலைக்குப் போய் அப்பா கட்டியது: அறுநூற்று நாற்பது டொலர்.