பாண்டி வீட்டுப் பெண்

மதுரைக்குத் தெற்கே, அப்பா பிறந்த ஊரில், தெருவில் நின்று பாண்டி என்று குரல் கொடுத்தால் நாலைந்து பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே அது சாமியின் பெயர். தலைப்பிள்ளைக்கு அந்தப் பெயரை வைக்காமல் விட்டால் சாமி கோபித்துக்கொள்ளும் என்று பயம். கொச்சியில், மட்டாஞ்சேரிச் சந்தையில் அதே குரலுக்கு அப்பா திரும்புவார். இத்தனைக்கும் அவர் பெயர் அது இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்து தள்ளுவண்டியில் வெங்காயம் விற்கிற யாருக்கும் அங்கே அதுதான் பெயர். கறுப்பு, அழுக்கு, கத்திப் பேசுகிற வாய் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம்.

அப்பா அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. "சாமி பேரச் சொல்லித்தான கூப்புடுறான், கூப்புட்டுப் போறான்" என்பார். எனக்கு அந்த மனசு வாய்க்கவில்லை. பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்தவள் என் தலையை முகர்ந்து மூக்கைப் பிடித்த அன்றே நல்லெண்ணெயை விட்டுத் தேங்காய் எண்ணெய்க்கு மாறினேன். வீட்டில் மட்டும் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம் என்று ஆனது. பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் என் பேச்சை வைத்து யாரும் என்னைக் கண்டுபிடிக்க முடியாது என்ற நிலைக்கு வந்துவிட்டேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

கோடை விடுமுறைக்கு அப்பாவின் ஊருக்குப் போனால் அங்கே நான் மலையாளத்தாள். சண்டை வந்தால் சித்தி பிள்ளைகள், "தள்ளி நில்லுங்கடா, மை வச்சிருவா" என்று கேலி செய்வார்கள். இங்கே பாண்டி, அங்கே மந்திரக்காரி. ரெண்டுங்கெட்டான் பிழைப்பு.

நர்ஸிங் முடித்து டெல்லிக்குப் போனேன். அங்கே கேரளமா தமிழா என்று யாரும் விசாரிக்கவில்லை. எல்லோரும் மதராசி. நோயாளிகள் அப்படிக் கூப்பிட்டால் விடுதியில் என்னோடு தங்கியிருந்த மலையாளப் பெண்களுக்கு ரத்தம் கொதிக்கும். "நாங்கள் மெட்ராஸைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை" என்று சண்டைக்குப் போவார்கள். எனக்கோ அந்த வசவு இனித்தது. வசவில் சரிபங்கு கிடைத்ததற்குச் சந்தோஷப்பட்டவள் டெல்லியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அங்கேயே ஒரு மலையாளியைக் கல்யாணம் செய்துகொண்டு, அவருடைய வீட்டுப் பெயரையும் என் பெயரோடு சேர்த்துக்கொண்டு கொச்சிக்குத் திரும்பினேன். எறணாகுளத்தில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. அம்மா அதற்குள் காலமாகிவிட்டிருந்தார். அப்பா மட்டும் மட்டாஞ்சேரியை விட்டு வர மாட்டேன் என்று பழைய வாடகை வீட்டிலேயே இருந்தார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் என்னை வார்டுக்குப் பொறுப்பாளராக ஆக்கினார்கள். முதல் நாள் காலையிலேயே அப்பா போட் ஏறி வந்துவிட்டார். மடித்துக் கட்டிய கைலி, நெற்றி நிறைய விபூதி, கையில் ஊர்ச் சாமியிடம் வைத்து வாங்கிய எலுமிச்சம்பழம். நான் டாக்டர்களோடு நின்றுகொண்டிருந்தேன். இளைய நர்ஸ் ஒருத்தி வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சேச்சீ, ஒரு பாண்டி விளிக்குந்நுண்டு" என்றாள். ஒரு பாண்டி உங்களைக் கூப்பிடுகிறான்.

திரும்பிப் பார்த்தேன். அப்பா எட்டடி தூரத்தில் நின்றிருந்தார். யாரென்று கேட்பது போல் பக்கத்திலிருந்த டாக்டர் என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் முன்பு வேலைக்கு நின்றவர் என்று மலையாளத்தில் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. இத்தனை வருடம் பழகிய வாய், தானாகச் சொல்லிவிட்டது. முப்பது வருடம் கொச்சியில் இருந்தவருக்கு மலையாளம் புரியாதா? பழத்தை அந்த நர்ஸிடம் கொடுத்து, சிஸ்டரிடம் சேர்த்துவிடச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனபோது எப்போதும் போலத்தான் பேசினார். மீன் வாங்கி வைத்திருந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் உலையைப் பார்க்க எழுந்துவிட்டார். நானும் வசதியாக விட்டுவிட்டேன். அதன்பிறகு அவர் மருத்துவமனைப் பக்கம் வரவே இல்லை. எனக்கு அந்தச் சம்பவமே மறந்துபோனது. உண்மையாகவே மறந்துபோனது.

போன வருடம் ஒரு மத்தியானம், ஊசி போடுகிற நேரத்தில், கீழே அவசரப் பிரிவிலிருந்து போன் வந்தது. உங்கள் வீட்டில் முன்பு வேலை செய்த ஆள் ஒருவர் வந்திருக்கிறார், நெஞ்சுவலி, நிலைமை மோசம் என்றார்கள். எங்கள் வீட்டில் வேலைக்காரர் யாரும் இருந்ததே இல்லையே. வேறு சிஸ்டராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். மிச்சமிருந்த ஆறு கட்டில்களையும் முடித்தேன். கையைக் கழுவினேன். லிப்டுக்காகக் காத்து நின்றேன்.

நான் போனபோது முகத்தை மூடியிருந்தார்கள். துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த காலைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. வண்டி தள்ளித் தள்ளி வெடித்த அந்தக் குதிகாலுக்குச் சின்ன வயதில் நான்தான் வேப்பெண்ணெய் தடவுவேன்.

சந்தையிலிருந்து ஏற்றி வந்த ஆட்டோக்காரர் வெளியே நின்றிருந்தார். பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாராம். அப்பாதான் கேட்கவில்லையாம், பாலம் தாண்டி இங்கேதான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாராம்.

அவசரப் பிரிவு நர்ஸுக்கு என்னைத் தெரியும், அப்பாவைத் தெரியாது. நல்ல பெண்தான். "பாவம். ஈ பாண்டிக்கு ஆரெங்கிலும் உண்டோ, சேச்சி?" என்று கேட்டாள். இவருக்கு யாராவது இருக்கிறார்களா என்று.

"எங்க அப்பா" என்றேன். அந்தக் கட்டிடத்துக்குள் நான் பேசிய முதல் தமிழ் அதுதான். அவளுக்குப் புரியவில்லை. "என்றெ அச்சனாணு" என்று மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

அவள் முகம் வெளுத்துப் போனது. எங்கள் ஊர் மருத்துவமனைகளில் நோயாளியைச் சேர்க்கும்போது பைஸ்டாண்டர் யார், அதாவது கூட இருப்பவர் யார் என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே அப்பா சொன்னதை அவள்தான் எழுதியிருந்தாள். பைஸ்டாண்டர்: யாரும் இல்லை. தெரிந்தவர்: மேலே வார்டில் ஒரு சிஸ்டர், அவர்கள் வீட்டில் வேலை செய்திருக்கிறேன்.

தாளை எடுத்துக்கொண்டு வந்து, திருத்தி உங்கள் பெயரை எழுதட்டுமா என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன். அவர் சொன்னபடியே இருக்கட்டும் என்றேன்.