வலது ஓரத்தில் நின்ற குரல்

கொரோனாவுக்கு முந்தின வருஷம், நவம்பர் மாசம். நான் அப்போ காட்டாக்கடையில் காலேஜ் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு கேரள எல்லையில், பாறசாலையிலிருந்து காரோடு என்கிற ஊருக்குப் போகிற வழியில்.

அந்த வயசில் எனக்கு ஒரே கிறுக்கு, ஹெட்போன். இத்தனைக்கும் சொந்தமாக ஒன்றுகூடக் கிடையாது. இருந்தது உள்ளங்கை அளவில் ஒரு புளூடூத் ஸ்பீக்கர் மட்டும். ஆனால் எந்த ஹெட்போனில் பேஸ் கூடுதல், எதில் குரல் சுத்தமாகக் கேட்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். எல்லாம் வீடியோ பார்த்து வந்த அறிவு. "கேக்காத ஹெட்போனைப் பத்தியாக்கும் இவனுக்கப் பிரசங்கம்" என்று அம்மா எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

இந்த அறிவை வைத்துத்தான் நான் ஒரு பாவம் செய்தேன்.

எங்க சபை பழைய மிஷன் காலத்துச் சபை. கொயரில் இன்றைக்கும் டோ, ரே, மீ என்று சுரம் எழுதின சோல்ஃபா நோட்டைப் பார்த்து நாலு குரலாகப் பிரிந்துதான் பாடுவோம். நான் டெனர், ஆண்களில் மேல்குரல். எங்க பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தர் ஆல்டோ, பெண்களில் கீழ்க்குரல். அரசு பஸ்ஸில் கண்டக்டர். சனிக்கிழமை சாயங்காலம் டூட்டி முடிந்து, பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேரே பிராக்டிசுக்கு வந்துவிடுவார். பாடும்போது அவர் முகத்தைப் பார்க்கணும். காலையிலிருந்து ஆளோடு ஆள் இடித்து நின்ற அலுப்பெல்லாம் எங்கே போகும் என்றே தெரியாது.

மாமா கல்ஃபிலிருந்து கொண்டுவந்து கொடுத்த, இடம் வலம் பிரித்துப் பதிகிற ஒரு சின்ன ரெக்கார்டர் என்னிடம் இருந்தது. அதை முன்னால் ஒரு ஸ்டூலில் வைத்து, நானே அமுக்கிவிட்டு, ஓடிப்போய், ரெக்கார்டர் பக்கமிருந்து பார்த்தால் வலது ஓரத்தில் நின்றுகொள்வேன். இடது ஓரத்தில் அக்கா. அந்த வருஷக் கிறிஸ்மஸ் பாட்டில், இரண்டாவது அடியின் கடைசியில், எல்லாரும் நீட்டிப் பிடிக்க வேண்டிய ஒரு இடம் உண்டு. ரெக்கார்டிங்கைப் போட்டால் சரியாக அங்கே என்னவோ இடறியது. யாரோ சுருதி இறங்கிப் பாடுகிறார்கள். நானும் வீட்டில் அந்தக் குட்டி ஸ்பீக்கரில் பத்து தடவை கேட்டேன். ஆல்டோவும் டெனரும் அந்த இடத்தில் ஒட்டி ஒட்டி வருகிற சுரங்கள். ஒற்றை ஸ்பீக்கரில் யார் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டதாக நினைத்தேன். நாள் முழுக்க பஸ்ஸில் கத்துகிற தொண்டை, வேறு யாராக இருக்கும்?

அடுத்த சனிக்கிழமை, முழு கொயர் முன்னாலும் அதைப் போட்டுக் காட்டி, பெரிய இவன் மாதிரி சொன்னேன்: "அக்காவுக்க தொண்டை பஸ்ல கத்திக் கத்திப் போச்சு. பிட்ச் நிக்க மாட்டேங்குது."

சவுண்டு விஷயத்தில் நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லாருக்கும் ஒரு நினைப்பு. அக்கா நோட்டை மூடி பெஞ்சில் வைத்தார். அடுத்த வாரம் வரவில்லை. டூட்டி மாற்றிவிட்டார்கள் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. அதனால் அவர் பஸ் வந்தால் ஏறாமல் அடுத்த பஸ்ஸுக்கு நிற்க ஆரம்பித்தேன்.

இரண்டு வாரம் கழித்து, திருவனந்தபுரத்தில் ஒரு கடையில், நமக்குப் பிடித்த பாட்டைக் கொண்டுபோய் விலை கூடிய ஹெட்போன்களில் அரைமணி நேரம் கேட்டுப் பார்க்கலாம் என்று அறிவித்தார்கள். விடுவேனா? அப்பாவின் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் நின்றேன். கடையில் இருந்த பெண்ணுக்கு என்னைவிட நாலைந்து வயசு கூட இருக்கும். நான் வாங்குகிற ஆள் இல்லை என்று பார்த்ததுமே தெரிந்திருக்கும். ஆனாலும் மரியாதையாக உட்காரவைத்து, இருப்பதிலேயே பெரியதை எடுத்துக் கொடுத்தார். அப்பாவின் பைக்கைவிட விலை கூடிய சாதனம். தலையில் வைத்து, எனக்குப் பிடித்த பாட்டைப் போட்டேன்.

அம்மாடி! வயலினில் வில் உரசுவது, பாடகர் மூச்சு இழுப்பது, எல்லாம் கேட்கிறது. கண்ணை மூடினால் ஒவ்வொருத்தரும் எங்கே உட்கார்ந்து வாசிக்கிறார்கள் என்று கைநீட்டிக் காட்டிவிடலாம். சத்தியமாகக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நேரம் முடியப்போகிற சமயம் ஒரு ஆசை. நான் ரெக்கார்டு செய்ததை இதில் கேட்டால் எப்படி இருக்கும்? ரெக்கார்டரிலிருந்து ஃபோனுக்கு ஏற்றி வைத்திருந்த கிறிஸ்மஸ் பாட்டைப் போட்டேன். அந்தப் பெண்ணும் இன்னொரு ஹெட்போனைச் செருகிக்கொண்டு கேட்டார்.

எங்க சபையே கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. இடது ஓரத்தில் அக்கா. சுத்தமான குரல், ஒரு நூல் அசையவில்லை. அந்த நீட்டுகிற இடம் வந்தது. இடறல் கேட்டது, வலது ஓரத்தில்.

"வலத்தே அற்றத்து நில்க்குந்ந சேட்டன் கொறச்சு தாழெயாணல்லோ" என்று அந்தப் பெண் மலையாளத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார். வலது ஓரத்து அண்ணன் கொஞ்சம் இறங்கிப் பாடுகிறாரே என்று. யார் அது என்றும் கேட்டார்.

"என்றெ ஒரு ஃப்ரெண்டா" என்றேன். என் நண்பன் ஒருத்தன் என்று நாக்கு கூசாமல் பொய் சொன்னேன்.

வெளியே வந்து தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் நின்றேன். இந்தத் தடவை அக்காவின் பஸ்ஸுக்காக. ஏறினேன். சரியான கூட்டம். டிக்கெட் கொடுக்க வந்தவர் என்னைப் பார்த்து, ஒன்றுமே நடக்காத மாதிரி, "எலே, பாறசாலைக்குத் தானே?" என்றார். நெய்யாற்றின்கரை தாண்டி ஆள் குறைந்தபிறகு, அக்கா உட்கார்ந்திருந்த முன் சீட்டில் போய் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னேன்.

அக்கா ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "நான் தொண்டை டாக்டர்கிட்ட வரைக்கும் போயிட்டு வந்தேன் மக்கா. அவரு ஒண்ணும் இல்லைன்னாரு. அப்பவும் நான் நம்பல. வீட்டுல அடுப்படியில நின்னுகூடப் பாடாம இருந்தேன்."

அந்த நிமிஷம் பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாமா என்று இருந்தது. மன்னிச்சிருங்கக்கா என்றேன்.

"எனக்கிட்ட மட்டும் சொன்னா எப்பிடி? அன்னைக்கு எல்லாரும் இருக்கும்போதுல்லா சொன்ன. சனிக்கிழமை அங்க வச்சுச் சொல்லு. நானும் வாறேன்."

அந்த சனிக்கிழமை வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. காய்ச்சல் வந்தால் தேவலை என்று ஜெபம்கூடப் பண்ணிப் பார்த்தேன். வரவில்லை. பிராக்டிஸ் தொடங்கப்போகும்போது அக்கா டூட்டி சட்டையோடும் பையோடும் வாசல்நடையில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. நான் எழுந்து, சுருதி இறங்கியது என்னுடைய குரல்தான், அக்காவுடையது இல்லை என்று சொன்னேன். அடிக்குரலான பேஸ் பாடுகிற மாமா ஒருத்தர், "அப்போ சவுண்டு என்ஜினீயருக்குத்தான் காது கேக்கல்ல, இல்லியா?" என்றார். கொயரே சிரித்தது. சிரிக்கட்டும். எனக்கு வேண்டியதுதான்.

அக்கா சிரிக்கவில்லை. உள்ளே வந்தார், பையைக் கழற்றி பெஞ்சில் வைத்தார், தன் இடத்தில் போய் நின்று பக்கத்துப் பெண்ணிடம், "எத்தனாவது பக்கம்மா?" என்று கேட்டு நோட்டை விரித்தார்.

அந்தக் கிறிஸ்மஸுக்கு நான் பாடவில்லை. மாஸ்டர் பாடச் சொல்லியும், ரெக்கார்டர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அந்த நீட்டுகிற இடத்தில் அக்கா குரல் சுருதி சுத்தமாக, தனியாகத் தெரிந்தது. அதைக் கேட்க ஹெட்போன் தேவைப்படவே இல்லை.

இப்போது வேலைக்குப் போய், நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கியும் விட்டேன். முதலில் போட்டுக் கேட்டது அந்தப் பழைய ரெக்கார்டிங்கைத்தான். அதை இன்றுவரை அழிக்கவில்லை. யாரையாவது சரியில்லை என்று சொல்ல நான் வாயெடுத்தால் போதும், என் வலது காது முதலில் சூடாகிவிடுகிறது.