கம்பி ஹெல்மற் செல்வராசா அண்ணை

செல்வராசா அண்ணை செத்துப்போனார்.

இன்று காலை, சாம்பல்தீவுக் கரையில். தோணியில் இருந்து மீன் இறக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் இருந்தாராம். பிறகு எழும்பவில்லை.

நெற் கஃபேயில் இருந்து எழுதுகிறேன். மூன்று தரம் எழுதி மூன்று தரமும் அழித்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாலையூற்றில் எங்கள் ஒழுங்கைக்கு மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர். பின்னால் ஐஸ் போட்ட வெள்ளை ரெஜிபோம் பெட்டி, தலையில் அமெரிக்கன் ஃபுட்போல் ஹெல்மற். ஓம், முகத்துக்கு முன்னால் கம்பிக்கூடு வைத்தது... டிவியில் பார்த்திருப்பீர்களே, அதேதான்.

சுனாமி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனபிறகு, ஃபுட்போல் சாமான் வேண்டும் என்று எங்கள் விளையாட்டுக் கழகம் வெளிநாட்டுக்கெல்லாம் கடிதம் போட்டது. அமெரிக்காவில் இருந்து பெரிய பெட்டி வந்தது. வெளியில் ஃபுட்போல் என்று கொட்டை எழுத்து. அடிபட்டுக்கொண்டு உடைத்தால்... ஆமை ஓடு மாதிரித் தோள் கவசம், கம்பி வைத்த ஹெல்மற், முட்டை வடிவத்தில் ஒரு பந்து.

முட்டையை அனுப்பினவர்கள் கோழியை மறந்துவிட்டார்கள் என்று சொல்லி, கழகத் தலைவரிடம் குட்டு வாங்கினேன். கடைசியில் அவர் வீட்டுக் கோழிதான் தோள் கவசத்துக்குள் அடை கிடந்தது.

ஹெல்மற்றை மட்டும் செல்வராசா அண்ணை கேட்டு வாங்கிக்கொண்டார். சும்மா இல்லை. டவுனுக்கு வர அவர் ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கிற நாலு சென்றி தாண்டவேண்டும். முகத்தை மூடும் ஹெல்மற் என்றால் நாலு இடத்திலும் நின்று, கழற்றி, முகம் காட்டி, திரும்பப் போட்டு... அதற்குள் ஐஸ் தண்ணீராகிவிடும். இதில் கம்பிக்குள்ளால் முகம் முழுக்கத் தெரியும். ஆமிக்காரர் சிரித்துக்கொண்டு கையைக் காட்டுவார்கள், அண்ணை நிற்காமல் வருவார்.

கம்பி எண்ணாமலே கம்பிக்குப் பின்னால் இருந்த ஒரே மனிசன்.

படலையில் ஹோர்ன் கேட்டால் நான் ஓடிப்போய், உள்ளே சாப்பாடு எல்லாம் ஒழுங்காகத் தருகிறார்களா என்று கேட்பேன். "உன்ர வாயைத்தான் தம்பி முதல்ல உள்ளுக்குப் போடவேணும்" என்பார். அம்மா சிரிப்பா. இது தினமும்.

சரி. இனிச் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன்.

அந்த ஹெல்மற்றின் நாடியில் ஒரு வார். அது பக்கத்துக்கு இரண்டாக நாலு பட்டனில் பூட்டும். ஒருநாள் ஹெல்மற்றைக் கழற்றி சீற்றில் வைத்துவிட்டு அம்மாவுக்குப் பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நான் நாலு பட்டனுக்குள்ளும் சுப்பர் குளூ விட்டேன்.

மத்தியானம் ஹெல்மற்றோடு சோறு தின்னட்டும் என்று... அவ்வளவுதான் என் பிளான். சத்தியமாக.

அவர் எடுத்துப் போட்டார். டக் டக் என்று அமத்தினார். போனார். பகிடியைப் பார்க்கவேண்டும் என்று நானும் சைக்கிளில் பின்னால் போனேன்.

அன்று காலை எங்கேயோ குண்டு வெடித்திருந்தது. முதல் சென்றியில் எல்லாம் புது ஆட்கள், ஒருவருக்கும் அண்ணையைத் தெரியாது. எல்லோரையும் ஹெல்மற் கழற்றச் சொன்னார்கள்.

அண்ணை இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். "பே சேர், பே சேர்," ஏலாது ஏலாது என்று தனக்குத் தெரிந்த அரைச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே இழுத்தார். அவர்கள் பின்னுக்குப் போய்த் துவக்கை நீட்டினார்கள். ஹெல்மற்றுக்குள் ஏதோ இருக்கிறது என்று நினைத்திருக்கவேண்டும்.

நான் வரிசையில் ஏழாவது ஆள். குளூ ட்யூப் என் பொக்கற்றில். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மெல்ல ட்யூபை எடுத்து ரோட்டோரக் கான் தண்ணீருக்குள் போட்டேன்.

அவரைக் கை இரண்டையும் தூக்கவைத்து ரோட்டில் முழங்காலில் இருத்தினார்கள். கடைசியில் ஒருவன் மீன் பெட்டியில் இருந்த அவருடைய கத்தியையே எடுத்து வாரை அறுத்தான். நாடியிலும் பட்டது. ரத்தம் வந்தது. அண்ணை துடைக்கவில்லை, கையைக் கீழே விடப் பயம். வெயிலுக்குள் இரண்டு மணித்தியாலம் வைத்திருந்துதான் விட்டார்கள்.

அடுத்தநாள் அதே நேரம் படலையில் ஹோர்ன். நாடியில் பிளாஸ்டர், ஹெல்மற்றில் நைலோன் கயிறு. நான் குசினிக்குள் நின்றேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தெரிந்துவிட்டது என்று நினைத்துத்தான் போனேன்.

"தம்பி, கடல் உப்பு பட்டனுக்குள்ள ஏறி இறுகிட்டுது போல. நான்தான் கவனிக்கேல்ல. இரும்பெண்டா எண்ணெய் போடவேணுமெல்லே?"

"ஓம் அண்ணை, உப்புத்தான்."

அதற்குப் பிறகு பட்டனும் மாற்றி, புது வார் ஒன்று தைத்துப் போட்டார். ஒவ்வொரு நாளும் எங்கள் படலையில் நின்று நாலு பட்டனுக்கும் தேங்காய் எண்ணெய் பூசுவார். எண்ணெய் முடிந்தால் அம்மாவிடம் கேட்பார். நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

ஒன்றரை வருடம். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம்...

அவருடைய மகன் கஜன் அண்ணா கட்டாரில். லீவு கிடைக்கவில்லையாம், வரமாட்டார். என் ஃப்ரெண்ட் லிஸ்றில் இருக்கிறார், இதை வாசிப்பார். அதனால்தான் மூன்று தரம் அழித்தேன்.

கஜன் அண்ணா, அப்பா கவனிக்காமல் விட்டதால் இல்லை அது. நான் செய்தது. கோல் எடுத்துத் திட்டுங்கோ, நான் கட் பண்ண மாட்டேன்.

நாளைக்குப் பத்து மணிக்கு எடுக்கிறார்களாம். ரோட்டு நிலைமை சரியில்லை, போகாதே என்கிறா அம்மா. நான் போவேன். வீட்டில் உங்கட அம்மா, மாமி இருப்பா, அவவுக்கும் வாயால் சொல்லவேண்டும்.

போய் வாங்கோ அண்ணை. மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை... தெரிந்துகொண்டு போங்கோ என்றுதான்.