மைக்குல வந்த டொக்டர்

இலைக்கறி விக்கிற நம்மட தொழில்ல வெயில்தான் முதல் எதிரி. பத்து மணிக்குள்ள முடிக்காட்டி பொன்னாங்காணி நம்மட மூஞ்சி மாதிரித் தொங்கிரும். தெருத்தெருவாக் கூவித் திரியிற ஆக்களுக்கு நான் செல்லத் தேவல்ல.

புதுக் குரல்

கல்முனைல பள்ளிவாசல் மண்டபத்துல ஒரு டொக்டர் வந்து பேசினார். இலைக்கறி, மஞ்சள், உள்ளி இதுகளுக்கு நிறத்தையும் காரத்தையும் குடுக்கிற சத்துகள் கேன்சர் வாற சந்தர்ப்பத்தக் குறைக்க உதவலாமாம். கடைசியா, இது மருந்தில்ல, வருத்தமெண்டா ஆசுபத்திரிக்கு வாங்க எண்டும் சென்னார். அவர்ர இழுப்பு, இருமல், கண்ணாடியத் தள்ளுற இடைவெளி எல்லாம் அப்பிடியே எனக்குள்ள பதிஞ்சிட்டு!

அடுத்த நாள் என்ட ஆட்டோ மைக்குல அவராவே கூவினன். கடைசி வசனத்த மட்டும் விட்டுட்டன். அதச் செல்லி முடிக்கிறதுக்குள்ள ஒழுங்கை முடிஞ்சிரும். எட்டரைக்கே பெட்டி காலி! ஒரு ராத்தா முந்தானையால தலைய மூடிக்கிட்டு வந்து கேட்டா: "டொக்டர், ஆசுபத்திரில சம்பளம் காணாதா?"

இதுவும் இலதான்

மீராசா காக்கா கடலுக்குப் போறத விட்ட மனிசன். வெத்திலையும் புகையிலையும் வாய விடல்ல. வல்லாரை ரெண்டு கட்டு வாங்கினார். புகையிலை கேன்சரக் கொண்டாரும் எண்டு டொக்டர்ர குரல்லயே வெருட்டினன். ஆறுதலாத் துப்பிட்டுச் சென்னார்: "வெத்திலையும் பச்சதானே தம்பி, நான் முப்பது வருசமா இலைக்கறிதான் தின்னுறன்."

விட்ட வசனம்

ரெண்டு கிழமைக்குப் பொறகு மீராசா காக்காட பொஞ்சாதி அவங்கட கேற்றடில அழுதுக்கிட்டு நிண்டா. காக்காட வாய்க்குள்ள, கொடுப்புல ஆறாத புண். அண்டைக்கு கிளினிக் நாள், போகமாட்டாராம். வல்லாரையே போதும் எண்டு டொக்டர் சென்னத நான்தானே மைக்குல கொண்டு திரியிறனாம். விட்ட வசனத்த அவர்ர வாசல்லயே மூணு தரம் டொக்டர்ர குரல்ல கூவி, மனிசனப் பொன்னாங்காணிக்கு நடுவுல ஏத்திக்கிட்டுப் பறந்தன்.

கிளினிக்ல அதே டொக்டர். புண்ணுல துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். ரிப்போட் வந்திச்சி: இன்னும் கேன்சராகல்ல, அல்ஹம்துலில்லாஹ்! புகையிலைய இண்டையோட விடணும், தவறாம வந்து காட்டணும் எண்டு டொக்டர் நீளமா விளங்கப்படுத்தினார். காக்கா அவரயும் என்னயும் மாறி மாறிப் பாத்துட்டு என்ட காதுக்குள்ள சென்னார்: "இவருக்கு டொக்டர் குரல் உன்னளவுக்கு வராது தம்பி."

முழுப் பேச்சையும் கூவினா வல்லாரை கொஞ்சம் மெதுவாத்தான் விக்கிது, ஆனா வாங்கின ஆக்கள் அடுத்த வருசமும் வாங்க இரிப்பாங்க.